இருநூற்றுப் பதினாறாம் வரி

பதினொரு வருடங்களாக அவள் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்: இந்த மதர்போர்டில் லினக்ஸ் ஒழுங்காக ஓடுமா, ஓடாதா?

அவள் வேலை பார்த்த கம்பெனி, சர்வர் எனும் பெரிய கணினிகளை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைத் தயாரித்தது. ஆஸ்பத்திரி, ரயில்வே, தண்ணீர் வாரியம் என்று ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாத இடங்களுக்கெல்லாம் அதைக் கொடுத்துவந்தது. புது சர்வர் வாங்கப்போகிறவர்கள் முதலில் கம்பெனியின் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். ஒரு போர்டுக்கு ஒரு வரி, வரிக்குப் பதினான்கு கட்டம். மெமரி, டிஸ்க், நெட்வொர்க், விசிறி, சூடு காட்டும் சென்சார் என்று எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால் அந்த போர்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிக் போட்டுக் கையெழுத்தும் போடுவது அவள். ஆபீசில் அவளை விட மூத்தவர்கள்கூட அவளைப் 'பட்டியலக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

பதினான்காவது கட்டம் வாட்ச்டாக், அதாவது காவல்நாய். அது போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கடிகாரம். லினக்ஸ் உயிரோடு இருக்கும்வரை சில வினாடிக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். தட்டுவது நின்றுபோனால் சர்வர் உறைந்துவிட்டது என்று அர்த்தம். கடிகாரம் அறுபது வினாடி பொறுத்துப் பார்க்கும். பிறகு யாரையும் கேட்காமல் தானே சர்வரை அணைத்துத் திரும்ப எழுப்பிவிடும். சோதனைக்கூடத்தில் அதற்கு 'நாய்' என்றே பெயர். "நாய் குரைச்சுதா?" என்று யாராவது கேட்டால், புதிதாக வந்தவர்கள் மேசைக்கடியில் குனிந்து பார்ப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்திலிருந்து மெயில் வந்தது. எழுதியவர் அங்கே கருவிகளைப் பராமரிப்பவர். ஆறு வாரத்துக்கு முன்பு, மதியம் இரண்டு நாற்பதுக்கு, அவர்களுடைய சர்வர் உறைந்து நின்றுவிட்டதாம். வேறு கட்டடத்தில் வேலையாக இருந்த அவர் ஓடிவந்து கையால் அணைத்துப் போடும்வரை பத்தொன்பது நிமிடம் அப்படியே கிடந்திருக்கிறது. "உங்கள் பட்டியலில் இருநூற்றுப் பதினாறாம் வரி எங்கள் போர்டு. வாட்ச்டாக் வேலை செய்யும் என்று டிக் இருக்கிறது. அப்படியென்றால் சர்வர் ஏன் தானாக எழவில்லை? விசாரணை நடக்கிறது. அந்த டிக் சரிதானா என்று உறுதிப்படுத்தவும்" என்று முடித்திருந்தார். சர்வரும் அப்போது வேலையிலிருந்த ஊழியருடைய கணினியும் நொடிக்கு நொடி தாமே எழுதிவைத்த பதிவுகளையும், விசாரணைத் தாளையும் இணைத்திருந்தார்.

அவள் மெயிலைத் தன் பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோனாள். எதைச் சொன்னாலும் இரட்டைச் 'சரி' போடாமல் அவருக்கு வாய் திறக்காது.

"சரி சரி. நம்ம ரெக்கார்டுல என்ன இருக்கு?"

"டிக் இருக்கு சார்."

"அப்ப டிக் இருக்குன்னு எழுதிடுங்க. விசாரணைன்னு வேற போட்டிருக்காங்க. ஒரு வார்த்தை கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

'எங்கள் பதிவேட்டின்படி இந்த போர்டு சோதிக்கப்பட்டுத் தேறியுள்ளது' என்று எழுதி அனுப்பினாள். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது.

"நன்றி. அப்படியென்றால் சர்வரில் குறையில்லை. அன்று அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்த எங்கள் பெண் ஊழியர் பதற்றத்தில் கண்டபடி விசைகளை அழுத்தியதால்தான் சர்வர் நின்றது என்று விசாரணையை முடிக்கப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி அமர்வு. ஆறு வாரமாக அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது நிமிடத்துக்குள் ஒரு தையல்காரர் இறந்துபோனார். உங்கள் பதில் உதவியாக இருந்தது."

அவள் கடைசி வரியை மறுபடி படித்தாள். கை கழுவின ஈரம் காயாமல் அப்படியே எழுந்து பின்னறைக்குப் போனாள்.

சோதித்த போர்டுகளை அங்கே அலமாரியில் உறை போட்டு அடுக்கியிருந்தார்கள். இருநூற்றுப் பதினாறு, நான்காம் தட்டில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்து மெமரியைச் செருகினாள், டிஸ்க்கை மாட்டினாள், மின்சாரம் கொடுத்தாள். லினக்ஸ் ஏறியது. வாட்ச்டாக்கை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஏறியது. 'தயார், அறுபது வினாடி' என்கிற பொருளில் ஒரு வரி திரையில் வந்து போனது.

அந்த வரியைப் பார்த்ததுமே அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே வரியைப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டிருக்கிறாள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

செய்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. டிரைவர் ஏறினால் மட்டும் போதாது. நாய் குரைக்குமா என்று தெரியவேண்டுமானால் சர்வரைக் கொன்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால் லினக்ஸ் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஒரு நிமிடம் கழித்து அது தானாக எழுந்தால் டிக். மொத்தமே ஐந்து நிமிட வேலை. நூற்றுக்கணக்கான போர்டுகளுக்கு அவள் செய்திருந்தாள்.

இப்போது கட்டளையைக் கொடுத்தாள். திரை நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் டீ டம்ளரோடு கடந்துபோனவர், "என்னக்கா, நாய் தூங்குதா?" என்றார். அவள் திரும்பவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தார். பத்து நிமிடம் ஆனது. ஒரு முடிவுக்கு வர இரண்டு நிமிடமே போதும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பத்தொன்பது நிமிடமும் நின்றாள். பத்தொன்பது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

பிறகு போர்டைக் கழற்றி, திருப்பிப் போட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்தாள். கடிகாரத்திலிருந்து, சர்வரை அணைத்து எழுப்பும் ரீசெட்டுக்குப் போகிற பாதையில், ஒரு கடுகளவு பாகம் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. செய்தவர்கள் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். கடிகாரம் ஒழுங்காக எண்ணியிருக்கிறது, முடிவில் குரலும் கொடுத்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. இது லினக்ஸுக்குத் தெரிய வாய்ப்பே கிடையாது. கொன்று பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மெயிலோடு வந்த பதிவுகளைத் திறந்தாள். காலையிலேயே திறந்திருக்கலாம். சர்வர் எழுதிய கடைசி வரி, நெட்வொர்க் கார்டு பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்பது. நேரம் இரண்டு நாற்பது, ஏழாவது வினாடி. ஊழியருடைய கணினி தனியாக ஒரு பதிவு வைத்திருந்தது. அதில் முதல் விசை அழுத்தப்பட்டது இரண்டு நாற்பது, பதினோராவது வினாடி. விசாரணைத் தாளில் இரண்டுக்குமே வெறும் 'இரண்டு நாற்பது' என்றுதான் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் விசையைத் தொடும்போது சர்வர் செத்து நான்கு வினாடி ஆகியிருந்தது.

பிரிவுத் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல்முறையாகச் 'சரி' சொல்லாமல் இருந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டிரைவர் ஏறுச்சுல்ல?"

"ஏறுச்சு சார்."

"அப்ப சோதிச்சதா ஒரு வகையில சொல்லலாமே."

"சொல்லலாம் சார். இன்னிக்குக் காலைலயே சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவள் மகளுடைய பள்ளிக்கூட விஷயத்துக்காக மூன்று நாள் அலைந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர்.

"இந்த ஒரு வரிய மாத்துனோம்னா, முன்னூறு வரியையும் எவனும் நம்ப மாட்டாம்மா."

"இப்போதைக்கு நம்பக் கூடாதுதான் சார்."

"வெள்ளிக்கிழம தாண்டட்டும். நான் மேல பேசுறேன். அதுவரைக்கும் யாருக்கும் எழுதாதீங்க."

"வெள்ளிக்கிழமதான் சார் அந்தப் பொண்ணுக்குக் கடைசி."

"தெரியுது," என்றார்.

அன்று மாலை வீட்டில் அவள் தன் பழைய நாட்குறிப்புகளை இறக்கினாள். அந்த டிக் போட்ட தேதியைத் தேடினாள். மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தது அந்த வாரம்தான் என்று ஒரு நினைவு. அப்படியிருந்தால் தேவலை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். பக்கம் கிடைத்தது. காய்ச்சல் வந்தது இரண்டு நாள் கழித்து. டிக் போட்ட அன்று பிள்ளை நன்றாக இருந்தாள், வீட்டில் சண்டை இல்லை, தலைவலி இல்லை, பஸ்கூட நேரத்துக்கு வந்திருந்தது. 'இன்று ஆறு போர்டு முடிந்தது' என்று மட்டும் எழுதியிருந்தாள். சாக்குச் சொல்ல ஒரு துரும்புகூட அந்த நாளில் கிடைக்கவில்லை.

அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். ஷிப்ட் முடிந்து வந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் மகள் எதையோ சத்தம்போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பட்டியலக்கா நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"டெப்போல காலைல வண்டி எடுக்குறப்ப ஒரு தாள் குடுப்பாங்க," என்றார் கடைசியில். "பிரேக் பாத்தாச்சு, டயர் பாத்தாச்சுன்னு கையெழுத்து போடணும். நான் எத்தன நாள் பாக்காம போட்டிருக்கேன் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. எண்ணல. ஒவ்வொரு தடவையும் வண்டி நின்னுச்சு. அதனால நான் நல்ல டிரைவரு. உனக்கு நிக்கல. நமக்குள்ள அவ்வளவுதான் வித்தியாசம்."

"நான் என்ன செய்யட்டும்?"

"என்னைக் கேக்காத. நான் 'விட்டுடு'ன்னு சொன்னா நீ விட்டுடுவியா?"

"மாட்டேன்."

"பின்ன ஏன் கேக்குற? வெள்ளிக்கிழம லீவு போடுறேன், நானும் வரேன். வெளிய உக்காந்துக்கறேன்."

புதன்கிழமை அவள் மெயில் எழுதினாள். சுருக்கமாக எழுத வரவில்லை. மூன்று முறை அழித்தாள். கடைசியில், 'இருநூற்றுப் பதினாறாம் வரியின் பதினான்காவது டிக்கைச் சோதிக்காமல் போட்டவள் நான். நேற்று சோதித்தேன். வாட்ச்டாக் வேலை செய்யவில்லை. நேற்று நான் அனுப்பிய பதிலைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் ஊழியர் விசையை அழுத்தும் முன்பே சர்வர் நின்றுவிட்டது. ஆதாரம் நீங்கள் அனுப்பிய பதிவிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன்' என்று எழுதினாள். பிரிவுத் தலைவருக்கும் ஒரு நகல் போட்டாள். அவர் அன்று முழுவதும் அவள் மேசைப் பக்கம் வரவில்லை. வீட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும் வந்து நின்று, "அந்த போர்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கேட் பாஸ்ல நான் கையெழுத்து போட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை நடந்த அறை சின்னது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. சுவரோரமாகப் பராமரிப்பவரும், ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். யாரும் சொல்லாமலே அது யார் என்று பட்டியலக்காவுக்குத் தெரிந்தது.

மேசையில் போர்டை வைத்து, காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏழாவது வினாடியையும் பதினோராவது வினாடியையும் விரலால் தொட்டுக் காட்டினாள். பராமரிப்பவர் எழுந்து, முந்தின நாள் அவள் போனில் சொன்னபடி தங்களிடமிருந்த உதிரி சர்வரைத் தானே கொன்று பார்த்ததாகவும் அது எழவே இல்லை என்றும் சொன்னார்.

நடுவில் இருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார். "சோதிக்காம டிக் போட்டேன்னு சொல்றீங்க. என்ன காரணம்?"

"காரணம் இல்ல சார்."

"வேலை அதிகமா? ஆள் பத்தாக்குறையா?"

"அன்னைக்கு அப்படி எதுவும் இல்ல."

"அம்மா, இந்தக் கட்டத்துல ஏதாவது எழுதியாகணும். காலியா விட முடியாது."

"'காரணம் இல்லை'ன்னே எழுதுங்க சார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார்.

முடிந்து வெளியே வந்தபோது நடைக்கூடத்தின் கோடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், அந்தப் பெண் நின்றிருந்தாள். பட்டியலக்கா கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

அந்தப் பெண்தான் கேட்டாள். "அந்தக் கடிகாரம் சரியா இருந்திருந்தா, சர்வர் எவ்வளவு நேரத்துல எழுந்திருக்கும்?"

"ஒரு நிமிஷம் காத்திருக்கும். எழுந்து எல்லாம் ஓட ஆரம்பிக்க இன்னொரு மூணு நிமிஷம். நாலுன்னு வைங்க."

"நாலு." அவள் மனத்துக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அந்தத் தையல்காரர் வீட்டம்மா கூப்பிட்டது ரெண்டு நாப்பத்தாறு. அவங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ஸ்க்ரீன்ல மேப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. தாள்ல எழுதுனேன். வண்டிக்காரர்கிட்ட தெருப் பேரச் சொன்னேன். அதே பேர்ல வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு இருக்கு. வண்டி வடக்க போயிடுச்சு."

"படிச்சேன்."

"மேப்பு இருந்தா ரெண்டையும் காட்டியிருக்கும்."

"காட்டியிருக்கும்."

"உங்கமேல எனக்கு எவ்வளவு கோவம் வருதுன்னு எனக்கே சொல்லத் தெரியல. ஆறு வாரமா எங்கண்ணன்கூட என்னைக் கேக்குறான், 'நீ உண்மையிலயே என்னத்த அமுக்கினே'ன்னு. பெத்த அம்மா கேக்குறாங்க." குரல் உடையவில்லை, தணிந்தது. "எனக்கு நல்லது பண்ணிட்டதா மட்டும் நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

அந்தப் பெண் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அதிகாரிகளிடம் சொல்லாததை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வடக்கா தெக்கான்னு நான் கேட்டிருக்கணும். ஒரு வார்த்த. மேப்பு இல்லன்னா வாயால கேக்கணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. நான் கேக்கல. அவங்க அழுதுட்டிருந்தாங்க, நான் அவசரத்துல போன வச்சிட்டேன். உள்ள இருக்குறவங்க எல்லாத்தையும் இப்ப போர்டுமேல போட்டு மூடிடுவாங்க. அந்த ஒரு வார்த்த என்னோடது. அதையும் சேத்து நீங்க தூக்கிட்டுப் போக முடியாது."

"முடியாதுதான்," என்றாள் பட்டியலக்கா.

கீழே வாசலில் அவள் கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து மேலே பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதலில் இறங்கினாள்.

விசாரணை, கருவிக் கோளாறு என்று முடிந்தது. தையல்காரரின் மனைவிக்கு மையத்திலிருந்து ஒரு கடிதம் போனது. அதில் பட்டியலக்காவின் வாக்குமூலத்திலிருந்து இரண்டு வரி இருந்ததாகப் பராமரிப்பவர் சொன்னார். அந்தம்மாவுக்குத் தனியாகவும் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று அவள் பலமுறை உட்கார்ந்தாள். எழுதினால் அது யாருடைய ஆறுதலுக்கு என்று கேட்டுக்கொண்டபோது பேனா நகரவில்லை. எழுதவில்லை. அது சரியா தவறா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கம்பெனி அவளிடமிருந்து கையெழுத்துப் போடும் உரிமையை எடுத்துக்கொண்டது. வேலையிலிருந்து எடுக்கவில்லை; அதற்காகப் பிரிவுத் தலைவர் மேல்மாடியில் இரண்டு மணி நேரம் பேசினார் என்று பிறகு காதில் விழுந்தது. முன்னூறு வரிகளையும் முதலிலிருந்து சோதிக்க முடிவானது. அவள் சோதிப்பாள், பக்கத்து மேசைக்காரர் கூடவே நின்று பார்த்து டிக் போடுவார். ஒவ்வொரு போர்டையும் கொன்றார்கள், காத்திருந்தார்கள். ஏழு மாதம் ஆனது. எழாதவை இன்னும் ஒன்பது கிடைத்தன. அந்த ஒன்பதில் நான்கு அவள் டிக் போட்டவை. மற்ற ஐந்தும் அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் போட்டவை. ஒன்பது போர்டுகளும் எங்கெங்கே ஓடுகின்றன என்று தேடி, ஒவ்வோர் இடத்துக்கும் அவளே போன் செய்து சொன்னாள். சில இடங்களில் நன்றி சொன்னார்கள். ஓர் இடத்தில் கேட்க முடியாத வார்த்தைகளில் திட்டினார்கள். கேட்டுக்கொண்டாள்.

எட்டாம் மாதம் ஒரு நாள் காலை போன் வந்தது. குரல் உடனே அடையாளம் தெரிந்தது.

"நான்தான். அழைப்பு மையத்துலேர்ந்து."

"சொல்லுங்க. திரும்ப வேலைக்குப் போயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"போன் எடுக்கல இப்ப. என்னால முடியலன்னு சொல்லிட்டேன். கருவிப் பிரிவுல போட்டிருக்காங்க." ஒரு நொடி தயங்கினாள். "ரெண்டு புது சர்வர் வந்திருக்கு. போர்டு உங்க பட்டியல்லயே இல்ல. விக்கிறவங்க எல்லாம் ஓடும்னு சொல்றாங்க."

"அப்படித்தான் சொல்வாங்க."

"நீங்க வந்து பாக்கணும்."

"என் கையெழுத்து இப்ப செல்லாது. தெரியும்ல?"

"கையெழுத்து யாரு கேட்டா? என் கண்ணு முன்னாடி பாருங்க. நானும் கூட நிக்கிறேன்."

அவள் தாளை இழுத்துக்கொண்டாள். "போர்டுமேல ஒரு எண் அச்சடிச்சிருக்கும், படிங்க. நெட்வொர்க் கார்டு என்னது? டிஸ்க் எத்தன?"

மறுமுனையில் அந்தப் பெண் சர்வரின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, படிக்க ஆரம்பித்தாள். பட்டியலக்கா எழுதிக்கொண்டே வந்தாள். ஓர் எழுத்து சரியாகக் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.